கோடை விடுமுறைக்கு ஒரு புத்தகம், அதற்கொரு வழக்கு



அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் நம் உறவினர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும். அங்கே பல கல்லூரிகளில், புதிதாகச் சேரப்போகும் எல்லோரையும் கோடை விடுமுறையிலேயே ஒரு புத்தகம் படிக்கச் சொல்வார்கள். பொறியியலோ வரலாறோ, எல்லோருக்கும் அதே புத்தகம்தான். கல்லூரி திறந்ததும் சிறு குழுக்களாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள்.

சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் இதை 1999இல் தொடங்கியது. மதிப்பெண் கிடையாது. முதல் நூல், சிகாகோவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளரும் இரு சிறுவர்களைப் பற்றியது. அதெல்லாம் அமைதியாகவே போயிற்று.

2002இல் தேர்ந்தெடுத்த நூல்தான் நீதிமன்றம் வரை போனது. குர்ஆனின் தொடக்ககால அத்தியாயங்கள் 35ஐ மைக்கேல் செல்ஸ் என்ற பேராசிரியர் மொழிபெயர்த்து விளக்கம் எழுதிய நூல் அது. ஓதுவதைக் கேட்க ஒலித்தட்டும் கூடவே வந்தது. நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. ஒரு கிறித்தவ அமைப்பும் பெயர் வெளியிடாத மூன்று மாணவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். அரசுப் பல்கலைக்கழகம் ஒரு மதத்தைத் திணிக்கலாமா என்பது ஒரு கேள்வி. போரைப் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு மென்மையானவற்றை மட்டும் காட்டலாமா என்பது இன்னொன்று. இரண்டையும் அற்பமென்று நான் ஒதுக்கமாட்டேன். வகுப்பில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தினமும் முடிவெடுத்தவளுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

எதிர்ப்பு வந்ததும் பல்கலைக்கழகம் நூலைத் திரும்பப் பெறவில்லை. படிக்க விருப்பமில்லாதவர்கள், ஏன் படிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும் என்றது. எனக்கு இது மிகவும் பிடித்தது. மறுப்பவனையும் யோசிக்க வைக்கிறது பாருங்கள்! ஆனால், தன் மத நம்பிக்கையை எழுதிக் காட்டச் சொல்வது ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சங்கடம்தானே என்று நீங்கள் கேட்டால், அதுவும் நியாயமே.

மாநிலச் சட்டமன்றத்திலும் சூடு பிடித்தது. எல்லா மதங்களுக்கும் சம இடம் தராவிட்டால் இதற்கு அரசுப் பணம் கூடாது என்று கீழவையின் நிதிக்குழு வாக்களித்தது. அத்தனை மதங்களையும் ஒரு கோடையில் படித்து முடிக்க எந்தப் பிள்ளையால் முடியும்?

நிகழ்ச்சிக்குத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆகஸ்ட் 19ஆம் தேதி மறுத்துவிட்டது. அதே நாளில் மாணவர்கள் கூடிப் பேசினார்கள்.

மறு ஆண்டாவது வம்பில்லாத நூலாகத் தேடினார்களா என்றால், இல்லை. பார்பரா எரன்ரைக் என்ற எழுத்தாளர், உணவகப் பணியாளாகவும் வீடு துடைப்பவராகவும் குறைந்த கூலிக்குத் தாமே வேலை பார்த்து எழுதிய நூலைக் கொடுத்தார்கள். அது இடதுசாரிப் பிரச்சாரம் என்று அதற்கும் எதிர்ப்பு கிளம்பியது.