பெட்டியை விட்டு வெளியே வந்த நெட்வொர்க்

2007 ஜூன்ல அமெரிக்காவுல ஐபோன் வந்தப்போ, அதை வாங்குறவங்களுக்கு ஒரே நெட்வொர்க்தான்: ஏடி அண்ட் டி. மக்கள் போன்ல பேசறதைவிட டேட்டாவை இழுக்க ஆரம்பிச்சாங்க. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோவுல கால் பாதியில கட் ஆகுதுன்னு ஒரே புலம்பல்.

கூடுதலா டவர் போட்டா முடிஞ்சுதேன்னு கேட்பீங்க. டவர் பாதிக் கதைதான். டவருக்குப் பின்னாடி நெட்வொர்க்கோட மையம் இருக்கு. 3ஜி காலத்துல உங்க போன் எந்தப் பகுதியில இருக்குன்னு கவனிக்க எஸ்ஜிஎஸ்என், இணையத்தோட கோத்துவிட ஜிஜிஎஸ்என்னு தனித்தனிப் பெட்டிகள். பெட்டியும் அதுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேரும் பொதுவா ஒரே கம்பெனியோடது. ட்ராஃபிக் கூடினா இன்னொரு பெட்டி வாங்கணும். அதுக்கு இடம், கரண்ட், அதைத் தெரிஞ்ச ஆள் எல்லாம் வேணும்.

இதை உடைச்சது ரெண்டு யோசனைகள். 2008-ல ஸ்டான்ஃபோர்டில் நிக் மெக்கியோன் குழு ஓப்பன்ஃப்ளோவை முன்வைத்தது. டேட்டாவைத் தள்ளுற வேலை ஸ்விட்ச்கிட்டயே இருக்கட்டும், எந்த வழியில போகணும்னு முடிவெடுக்கிற மூளை வெளியே ஒரு சாஃப்ட்வேரில் இருக்கட்டும் என்பதுதான் அது. 2012 அக்டோபரில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், ஏடி அண்ட் டி, சைனா மொபைல் உட்பட 13 நிறுவனங்கள் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டன. அந்தப் பெட்டிகள் செய்யுற வேலையை சாதாரண சர்வர்ல சாஃப்ட்வேரா ஓட்டுவோம் என்றன. இதுதான் மெய்நிகராக்கம்.

2020-க்குள்ள தன் நெட்வொர்க்கில் 75 சதவீதத்தை இப்படி மாத்தணும்னு ஏடி அண்ட் டி இலக்கு வைத்தது. பழசை மாத்துறது ஓடுற பஸ்ஸுக்கு டயர் மாத்துற மாதிரி. சேவை நிக்கவே கூடாது. ஜப்பானின் ராகுடென்னுக்கு அந்தப் பாரம் இல்லை. 2020 ஏப்ரலில் தொடக்கத்திலிருந்தே மெய்நிகரான நெட்வொர்க்கோடு வணிகச் சேவைக்கு வந்தது.

அப்போ எல்லாம் சுபமா? 2024 பிப்ரவரி 22 அன்னிக்கு ஏடி அண்ட் டி நெட்வொர்க் அமெரிக்கா முழுக்க 12 மணி நேரத்துக்கு மேல தடுமாறுச்சு. 911 அவசர எண்ணுக்குப் போன 25,000-க்கும் அதிகமான அழைப்புகள் போய்ச் சேரல. ஒரு தவறான கான்ஃபிகரேஷன், அதுவும் இன்னொருத்தர் சரிபார்க்காமல் போட்டது என்றது அரசு விசாரணை. இதுக்கு மெய்நிகராக்கம்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா பெட்டி மாறினாலும் பொறுப்பு மாறாதுன்னு இது காட்டுது. ஒரே கட்டளையில நாடு முழுக்க மாத்த முடியும்னா, ஒரே தப்பும் நாடு முழுக்கப் போகும். அதனால, அந்தக் கட்டளையை யார் சரிபார்க்கிறாங்கன்னு நாம கேட்டே ஆகணும்.