முன்பக்கமும் உள்பக்கமும்

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த தமிழ் பேப்பரை அப்பா பின்னாலிருந்துதான் பிரிப்பார். மரண அறிவிப்பு, கோயில் திருவிழா, சிறுகதை. முன்பக்கத்துக்கு அவர் வரவே மாட்டார். கேட்டால், "முன்பக்கம் தலைவருக்குடா, உள்பக்கம் நமக்கு" என்பார்.

போன வருஷம் ஆர்மேனியன் தெரு 120ஆம் எண் கடைவீட்டுக்குள் நின்றபோது அது ஞாபகம் வந்தது. அதே தெருவில் சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்துக்கு வருகிற கூட்டம் இங்கே வருவதில்லை. 1910இல் சுன் யாட் சென்னின் தொங்மெங்ஹுய் இயக்கம் இந்த வீட்டிலிருந்துதான் இயங்கியது. சீன மன்னராட்சியைக் கவிழ்க்கப் பினாங்கில் பணம் திரட்டினார்கள். அந்த டிசம்பரில் 'குவோங் வா யிட் போ' என்ற நாளேட்டையும் தொடங்கினார்கள்.

இயக்கம் ஜெயித்தது. 1912இல் கோமிந்தாங் கட்சியானது. 1928இல் நான்ஜிங்கில் ஒரு கட்சி ஆட்சியை நிறுவியது. மக்கள் ஜனநாயகத்துக்குப் பழகும்வரை கட்சியே வழிநடத்தும் என்பது அதன் வாதம். அதே வருஷம் கட்சியின் அதிகாரபூர்வ ஏடாக 'சென்ட்ரல் டெய்லி நியூஸ்' ஷாங்காயில் பிறந்தது. பிறகு நான்ஜிங்குக்கு மாறி, 1949இல் தோற்ற கட்சியோடு தைவான் போய்ச் சேர்ந்தது. அங்கே 38 வருஷம் ராணுவச் சட்டம். புதுப் பத்திரிகைக்கு அனுமதி கிடையாது, மொத்தம் 31 பத்திரிகைகள்தான். அரசு அலுவலகம், ராணுவ முகாம், பள்ளிக்கூடம் எல்லாம் கட்சி ஏட்டுக்குச் சந்தா கட்டின. வாசகரைத் தேடவேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை.

1988இல் பத்திரிகைத் தடை நீங்கியது. 2000இல் கட்சி அதிபர் பதவியை இழந்தது. 2006இல் அந்த ஏடு அச்சை நிறுத்தியது.

குவோங் வா மட்டும் இன்றும் பினாங்கிலிருந்து வருகிறது. அது பெரிய உத்தமப் பத்திரிகை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இங்கே ஓர் அரசாங்கம் இருந்ததில்லை. கடைக்காரர் விளம்பரத்தையும் காசு கொடுத்து வாங்குகிறவரையும் நம்பித்தான் பிழைக்க வேண்டியிருந்தது.

மலேசியா ஒரு கட்சி நாடு அல்ல. தேர்தல் ஒழுங்காக நடந்தது. ஆனால் 2018 வரை 61 வருஷம் ஆட்சி கைமாறவில்லை. 1961இல் 'உத்துசான் மெலாயு' ஊழியர்கள் அம்னோவின் பிடியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். பிறகு அது கட்சியின் குரலானது. ஆட்சி போன அடுத்த வருஷம், 2019 அக்டோபரில், உத்துசான் நின்றது.

அதற்கு முன்பே, பிப்ரவரியில், நம் 'தமிழ் நேசன்' நின்றிருந்தது. 1924இல் தொடங்கிய நாளேடு. கடைசிக் காலத்தில் ம.இ.கா.வின் முன்னாள் தலைவர் சாமிவேலுவின் குடும்பத்திடம் இருந்தது. நஷ்டம் என்றார்கள், உண்மைதான். அச்சுப் பத்திரிகை எல்லாமே அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது.

அன்று நான் பெரிதாக வருத்தப்படவில்லை. 'கட்சிப் பேப்பர்தானே' என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர்களில் நானும் ஒருவன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி எழுத்தாளர்களை உருவாக்கியது இதே தமிழ் நேசனில்தான். நாம் இன்று மலேசியத் தமிழ்ச் சிறுகதை என்று பேசுவதில் ஒரு பங்கு அந்த உள்பக்கங்களில் வளர்ந்தது.

அதிகாரத்தை நம்பி நிற்கிற பத்திரிகை, அதிகாரம் போகும்போது தனியாகப் போவதில்லை. முன்பக்கத்தோடு உள்பக்கமும் சேர்ந்தே போகிறது. முன்பக்கத்தைத் தலைவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உள்பக்கம் நமக்குத்தான் என்று இருந்துவிட்டோம். இரண்டும் ஒரே தாள் என்பதை அப்பாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.