தன் தடத்தில் இல்லாத கப்பல்

இன்னைக்கு ஒரு தப்போட வரலாறு.

மேலேர்ந்து எடுத்த ஒரு ரேடார் படத்தை மனசுல வரைஞ்சுக்கோங்க. கடல். ஒரு கப்பல் தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போன தடம், நீளமான கோடாகத் தெரிகிறது. கோட்டின் முனையில்தானே கப்பல் இருக்கணும்? இல்லை. சில நூறு மீட்டர் தள்ளி, தடமே இல்லாத தண்ணியில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது. இதே மாதிரிப் படங்களில் ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கி வயலில் ஓடும். ரேடார் பழுதா? இல்லை.

கதை 1951-ல், அமெரிக்காவின் அரிசோனாவில் தொடங்குகிறது. குட்இயர் டயர் கம்பெனியின் விமானப் பிரிவில் வேலை பார்த்த கார்ல் வைலி என்ற பொறியாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பறக்கும் விமானத்துக்கு முன்னால் இருக்கும் பொருளிலிருந்து வரும் எதிரொலியின் அதிர்வெண் கொஞ்சம் கூடும். பின்னால் இருந்தால் குறையும். ஆம்புலன்ஸ் நம்மைத் தாண்டும்போது சைரன் சத்தம் மாறுதே, அதே டாப்ளர் விளைவுதான். அப்படின்னா, அதிர்வெண்ணை வைத்தே பொருள் எங்கே இருக்குன்னு சொல்லிடலாம். ஓடிக்கொண்டே எடுத்த எதிரொலிகளைச் சேர்த்தால் சின்ன ஆன்டெனாவே பிரம்மாண்டமான ஆன்டெனா மாதிரி வேலை செய்யும். இதுதான் சிந்தெடிக் அபெர்ச்சர் ரேடார், சுருக்கமாக சார்.

எவ்வளவு பிரம்மாண்டம்? 1978 ஜூனில் நாசா சீசாட் செயற்கைக்கோளை ஏவியது. அதன் ஆன்டெனா நீளம் 10.7 மீட்டர். 850 கிலோமீட்டர் தூரத்திலிருந்து 25 மீட்டர் நுணுக்கத்தில் கடலைப் பார்த்தது. இதைச் சாதாரண ரேடாரில் செய்ய, அதே அலைநீளத்தில், கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீள ஆன்டெனா வேண்டும்!

ஆனா இந்தக் கணக்குக்குள் ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு: கீழே இருக்கிற உலகம் அசையாமல் நிற்கிறது. கப்பல் ரேடாரை நோக்கி வந்தால் அதன் அதிர்வெண் கூடும். கணினிக்கு அது கப்பலின் வேகம்னு தெரியாது. "ஓ, இது இன்னும் முன்னால் இருக்கு போல" என்று நினைத்து, பறக்கும் திசையில் முன்னே தள்ளி வைத்துவிடும். தடமோ நின்ற இடத்திலேயே இருக்கும்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் குத்துது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு டேட்டா பைப்லைன் எழுதினேன். சராசரியோடு ஒத்துப்போகாத ரீடிங்கை எல்லாம் தூக்கிடுன்னு அதில் ஒரு வரி. டெஸ்ட் எல்லாம் பாஸ். மூணு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சது, நாங்க தேடிக்கிட்டிருந்த பிரச்சினையே நான் தூக்கிப் போட்டதுக்குள்ளதான் இருந்தது.

சார் ஆட்கள் தூக்கிப் போடவில்லை. நகரும் பொருள் படத்தில் எப்படி விழும் என்று கீத் ரேனி 1971-லேயே கணக்குப் போட்டு எழுதியிருந்தார். விலகிய தூரத்தை ரேடாரின் வேகத்தால் பெருக்கி, பொருளுக்கும் ரேடாருக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், பொருள் ரேடாரை நோக்கி வரும் வேகம் கிடைக்கும். சீசாட்டின் வேகம் நொடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர். கப்பல் தடத்திலிருந்து 450 மீட்டர் விலகியிருந்தால், அந்த வேகம் நொடிக்கு 4 மீட்டர். ரேடார் செங்குத்திலிருந்து 23 டிகிரிதான் சாய்ந்து பார்க்கிறது. அதையும் சேர்த்தால் கடல் மேல் நொடிக்கு 10 மீட்டர். அதாவது 20 நாட். தப்பே அளவுகோல் ஆயிடுச்சு.

தடமே இல்லாத பொருளுக்கு? ஒரே விமானத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு ஆன்டெனா. ஒரே இடத்தை நொடியில் சிறு பகுதி இடைவெளியில் இரண்டு முறை பார்க்கும். நிற்கும் பொருள் இரண்டிலும் ஒரே மாதிரி. நகர்ந்தது மட்டும் அலையின் கட்டத்தில் வேறுபடும். 1987-ல் கோல்ட்ஸ்டைனும் செப்கரும் இப்படித்தான் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் நீரோட்டத்தை அளந்தார்கள். குறையும் உண்டு: கட்டம் கடிகார முள் மாதிரி ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால் அதிவேகத்தை மெதுவான வேகம்னு நினைச்சு ஏமாறலாம். ரேடார் பறக்கும் திசையிலேயே போகும் வண்டி இந்த வழியில் சிக்காது. படத்தில் வெறுமனே மங்கும். அந்த மங்கலை அளந்துதான் வேகத்தைத் தேட வேண்டும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். 1991 வளைகுடாப் போரில், சோதனையே முடியாத இரண்டு ஜேஸ்டார்ஸ் விமானங்களை அமெரிக்கா அனுப்பியது. இருட்டில் பாலைவனத்தில் நகர்ந்த இராக் படை வண்டிகள் திரையில் புள்ளிகளாகத் தெரிந்தன. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள். அடையாளக் கருவியை அணைச்சுட்டுத் திருட்டுத்தனமா மீன் பிடிக்கும் கப்பலைக் காட்டிக்கொடுப்பதும் இதே வகை ரேடார்தான். கணக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதை இயக்குற நமக்குத் தெரியணும்.

உங்க வேலையில் நீங்க தூக்கிப் போட்ட ஒரு 'தப்பு' ரீடிங் இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.