கூடுவாஞ்சேரி நிலவரலாறு: ஒரு கட்டுரைத் திட்டம்

கூடுவாஞ்சேரிப் பகுதியின் நிலவரலாற்றை எழுதப் புகுவார்க்குத் தலைப்பு எளிதிற் கிடைக்கும். வினா கிடைப்பதே அரிது. ஈண்டு நோக்கத்தக்க பழைய முயற்சி ஒன்றுண்டு. மிராசு எனப்பட்ட காணியாட்சி உரிமை பற்றிச் சென்னை அரசு 17 வினாக்களை விடுத்தது. சிரஸ்தாராக இருந்த சங்கரையா விடை வரைந்தார். கலெக்டர் எல்லிசு விரிவான பிற்சேர்க்கைகளை இணைத்தார். நூல் 1818-இல் அச்சேறிற்று. பழைய தமிழ் ஆவணங்களைச் சான்றாக நிறுத்திய அதன் முறை இன்றும் போற்றத்தக்கதே.

எனினும், வினவியது வரி தண்டும் அரசு. ஆதலின் காணியுடையார் உரிமையே நடுப்பொருளாயிற்று. சேற்றில் உழைத்தோர் அவ்வுரிமையைச் சார்ந்தே ஆங்குக் காணப்படுகின்றனர். அவ்வினாக்களையே யாமும் மேற்கொள்வோமாயின் அவர்கள் மீண்டும் மறைவர்.

வேறு வாயில் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு செங்கற்பட்டுச் சாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்து நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கர், தலையாரி, குயவர், நாவிதர், வெட்டியார்க்கு எவ்வளவு என்பதை அக்கணக்குகள் காட்டும். யாம் முன்மொழியும் கட்டுரை இவ்வொதுக்கீட்டினின்றே தொடங்கும். நிலம் எவருடையது என்பதன்று எம் வினா. விளைவில் எவரெவர்க்குப் பங்கு இருந்தது, அஃது எப்போது, எதனால் அற்றது என்பதே.

கணக்கிற் பெரும்பாலும் தொழிலே பேசும், ஆள் பேசான். ஆகவே ஊராரை வினவுதல் இன்றியமையாதது. நந்திவரம், ஊரப்பாக்கம் முதலிய அண்டை ஊர்களிலும் வயல்கள் மனைகளாயின. களமும் மதகும் இருந்த இடத்தைச் சுட்டவல்ல முதியோர் அருகி வருகின்றனர். ஆவணம் முன், களம் பின் என்னும் வழக்கத்தை மாற்றி, முதலாண்டைக் கள ஆய்வுக்கும் அடுத்த ஆண்டை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் ஒதுக்குகின்றோம்.