எர்த் கம்பி நடந்து வந்த பாதை

திருப்பத்தூரிலோ வாணியம்பாடியிலோ உள்ள ஒரு பழைய வீட்டை எண்ணிப் பாருங்கள். வாசலை அடுத்த நடையில், மரப்பலகையின்மேல் இரும்பு மெயின் சுவிட்சும் பீங்கான் பியூஸ்களும் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சுவரோரமாக இறங்கி மண்ணுக்குள் மறையும். வீட்டைப் புதுப்பிக்கும்போது இந்த மெயின் போர்டை மாடிப்படிக்கு அடியில் மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளை எவரும் மறப்பதில்லை; மறந்தால் விளக்கு எரியாது. மண்ணுக்குப் போகும் கம்பியை மறந்தாலோ, விளக்கும் எரியும், மின்விசிறியும் சுழலும். குறை வெளியே தெரியாது. தெரிகிற நாளில் ஓர் உயிர் போயிருக்கலாம்.

அந்தக் கம்பி ஏன் வந்தது? அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போமா?

மின்னோட்டம் போய்த் திரும்ப இரண்டு கம்பிகள் வேண்டும் என்றே முதலில் எண்ணியிருந்தனர். ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்னும் அறிவியலறிஞர் ரயில் தண்டவாளங்களையே தந்திக் கம்பிகளாகப் பயன்படுத்த முயன்றார். மின்னோட்டம் மண் வழியே கசிந்துவிட்டது. அந்தத் தோல்வியிலிருந்தே 1838-ல் ஓர் உண்மையைக் கண்டார். திரும்பும் வழியாகப் பூமியே போதும்! ஆக, பூமி முதலில் தந்திக்கு உதவியது. உயிரைக் காக்கும் வேலை பின்னால்தான் அதற்கு வந்தது.

1882-ல் லண்டனில் மின்கம்பி அமைப்புக்கான விதிகள் வெளிவந்தன. அவற்றின் நோக்கம் தீ விபத்தைத் தடுப்பது. மின்னதிர்ச்சி அப்போது பெரிய கவலையாக இல்லை. அமெரிக்காவிலோ நியூட்ரல் கம்பியைப் பூமியோடு இணைப்பதா கூடாதா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 1892-ல் நியூயார்க் தீக்காப்பீட்டாளர்கள் அதை ஆபத்தான பழக்கம் என்றனர். ஆனால் டிரான்ஸ்பார்மரின் உள்ளே காப்பு பழுதானால், உயர் மின்னழுத்தம் நேரே வீட்டுக்குள் பாய்ந்துவிடும் அல்லவா? நியூட்ரல் பூமியோடு இணைந்திருந்தால் அந்த ஆபத்து அடங்கும். அதனால் 1913-ல் அந்நாட்டு மின்விதிகள் அதே இணைப்பைக் கட்டாயமாக்கின.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1895-ல் மின்சார டிராம் ஓடியது. 1910-ல் இந்திய மின்சாரச் சட்டம் வந்தது. 1937-ல் மேட்டூர் அணையின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. சேலம், வடஆற்காடு போன்ற மாவட்டங்கள் அதன் பயனைப் பெற்றன. திருப்பத்தூர் அன்று வடஆற்காட்டைச் சேர்ந்த ஊர். தனி மாவட்டமானது 2019-ல்தான். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், நுகர்வோர் வீட்டில் பூமியோடு இணைந்த முனை ஒன்றை மின்சாரம் வழங்குவோர் தர வேண்டும் என்றன. நிலையான மோட்டார்களின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்றன. ஈரத் தரையில் தோல் பதனிடும் உருளைகள் சுழலும் ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்கூடங்களுக்கு இவ்விதி எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

நம் வீடுகளில் சொந்த எர்த் குழியே பெரும்பாலும் வழக்கம். இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. குழாயைப் புதைத்து, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் இடுவார்கள். உப்பு ஈரத்தோடு சேர்ந்து மண்ணின் மின்தடையைக் குறைக்கிறது. அதே உப்பு இரும்பையும் அரிக்கிறது. தோல் கழிவுநீரால் பாலாற்றங்கரை மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு ஏறியது பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இத்தகைய மண்ணில் புதைத்த குழாய் விரைவில் மெலிந்துபோகும். இருபது ஆண்டுகளுக்கு முன் போட்ட குழி இன்றும் உழைக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்; அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குழி நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? ஒரு கணக்குப் போடுவோம். குழியின் தடை 8 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கத்துத் தடை 2 ஓம். மொத்தம் 10 ஓம். 230 வோல்ட் கம்பி குளிர்சாதனப் பெட்டியின் உடலைத் தொட்டுவிட்டால் 23 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இந்த ஓட்டத்தில் விழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை பெட்டியின் உடலில் நிற்கும் மின்னழுத்தம் 23 × 8 = 184 வோல்ட்!

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, மின்கசிவுத் தடுப்புச் சாதனம். அமெரிக்கப் பேராசிரியர் டால்சியல், பிடித்த கம்பியைக் கைவிட முடியாமல் தசைகளை இறுக்கும் மின்னோட்டம் எவ்வளவு என்று ஆராய்ந்தவர். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியரே போதும் என்று கண்டார். 1961-ல் சில மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தை உருவாக்கினார். வீடுகளுக்கு இன்று 30 மில்லி ஆம்பியர் சாதனம் ஏற்றது. மேற்சொன்ன பழுதில் அது நொடிக்கும் குறைவான நேரத்தில் விழுந்துவிடும்.

மற்றொன்று, பிணைப்புக் கம்பி. மின்கம்பியில் அமர்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? அதன் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. அதுபோல, வீட்டுக்குள் வரும் இரும்புத் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் ஆகியவற்றைப் போர்டின் எர்த் முனையோடு இணைத்துவிட்டால், ஒரு கை பெட்டியிலும் மறு கை குழாயிலும் இருந்தாலும் இரண்டுக்கும் இடையே ஆபத்தான வேறுபாடு எழாது. இந்தப் பிரதானப் பிணைப்புக்குச் செம்புக் கம்பியானால் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்பது உலக வழக்கு.

பழைய வீடுகள் சிலவற்றில் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். நடுவில் ஒரு முழம் பி.வி.சி. குழாய் மாற்றினால் அந்த எர்த் அன்றோடு அறுந்தது. குழாய்க்காரருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

ஆகவே, போர்டை இடம் மாற்றும்போது நான்கு செய்திகளை நினைவில் வையுங்கள். மீட்டரையும் அதன் முத்திரையையும் நீங்கள் தொடாதீர்கள்; மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள். எர்த் கம்பியும் பிணைப்புக் கம்பிகளும் புதிய இடம்வரை முறையாக நீட்டப்பட்டனவா என்று கேளுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பை ஏற்காதீர்கள். மின்கசிவுத் தடுப்புச் சாதனத்தின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். ஆனால் அந்தப் பொத்தான் சாதனத்தை மட்டுமே சோதிக்கும். எர்த் குழியைச் சோதிக்காது. குழியை மீட்டர் கொண்டுதான் அளக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது என்பதால் வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளல்ல. இன்று மாலை உங்கள் வீட்டு எர்த் கம்பி எங்கே போகிறது என்று ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அது மண்ணைச் சேரும்வரை பாருங்கள்.