சின்னக் காமிராவின் கதை

காமிரா வாங்கப் போகிறவர்கள் சாதாரணமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "எந்தக் கம்பெனி?" என்பது ஒன்று. "எத்தனை மெகாபிக்ஸல்?" என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. "இதைத் தூக்கிக்கொண்டு என்னால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்பதே அது.

ஏறக்குறைய 120 வருஷங்களுக்கு முன்னால் ஒரு மனிதர் இந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலையும் தம் கையாலேயே செய்தார். இன்று கடைகளில் வரிசையாக வீற்றிருக்கும் 'மிரர்லெஸ்' காமிராக்கள், அதாவது வயிற்றுக்குள் கண்ணாடி இல்லாத காமிராக்கள், எல்லாம் அந்தக் கேள்வியின் வமிசம்தான். ஆகையால் இவற்றுள் எதை வாங்குவது என்று தவிப்பவர்களுக்கு விலைப்பட்டியலைவிடச் சரித்திரம் நல்ல துணை என்பது என் கட்சி.

அந்த மனிதரின் பெயர் ஆஸ்கார் பர்னாக். 1879-ல் ஜெர்மனியில் பிறந்தவர். நுட்பமான கருவிகள் செய்யும் மெக்கானிக். அவருக்கு ஆஸ்துமா உண்டு. கூடவே மலைக்காடுகளில் அலைந்து படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இரண்டும் ஒரே உடம்பில் குடியிருந்தால் என்ன ஆகும்? அந்நாளில் காமிரா என்பது ஒரு பெட்டி; அதற்கு ஒரு முக்காலி; அதற்குள் செருக 13-க்கு 18 சென்டிமீட்டர் அளவில் கண்ணாடித் தகடுகள். இந்தச் சீர்வரிசையைச் சுமந்துகொண்டு துரிங்கியக் காடுகளில் மேடேறும்போது பர்னாக்குக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய தகட்டில் பெரிய படம் எடுப்பானேன்? சின்ன நெகடிவில் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிக்கொண்டால் என்ன?

1911-ல் அவர் வெட்ஸ்லார் நகரத்தில் மைக்ராஸ்கோப் செய்து வந்த லைட்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சின்ன நெகடிவுக்கு அவர் பிடித்தது சினிமாப் பிலிமை. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தச் சுருள் சினிமாக் காமிராவில் மேலும் கீழுமாக ஓடும். ஒரு படத்தின் அளவு 18-க்கு 24 மில்லிமீட்டர். பர்னாக் அதைக் குறுக்கே ஓடவிட்டு, இரண்டு படத்தின் இடத்தை ஒன்றாக்கி, 24-க்கு 36 என்று வைத்துக்கொண்டார். இன்று 'புல் பிரேம்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த அளவு இப்படி வந்ததுதான். அசையாப் படமும் அசையும் படமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் இது உதவப் போகிறது.

மாதிரிக் காமிரா 1914 வாக்கில் தயாராகிவிட்டது. ஆனால் உலக யுத்தம் குறுக்கிட்டது. யுத்தத்துக்குப் பின் பணவீக்கம், வேலையில்லாத் திண்டாட்டம். இத்தனை சின்னப் பெட்டியை யார் வாங்குவார்கள் என்று தொழிற்சாலையிலேயே பலருக்குச் சந்தேகம். முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் 1924-ல் கூட்டத்தில் எல்லாருடைய ஆட்சேபங்களையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, துணிந்து இறங்குவது என்று முடிவு செய்தார். மறு வருஷம் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் 'லைக்கா' அரங்கேறியது. அதற்கு லென்ஸ் அமைத்துக் கொடுத்த மாக்ஸ் பெரெக்கும் அந்தத் தொழிற்சாலைக்காரர்தான். 1930-ல் லென்ஸைத் திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டும் வசதியும் வந்தது. உடல் வேறு, கண் வேறு என்ற பாகப்பிரிவினை லைக்காவுக்கு அன்று ஏற்பட்டது.

சின்னக் காமிராவால் எடுக்கிறவரின் தோளுக்குச் சுமை குறைந்தது. அதோடு எதிரே இருப்பவருக்கும் ஒரு சுமை குறைந்தது. இதற்கு அத்தாட்சி நம் தேசத்திலேயே இருக்கிறது.

1946-ல் 'லைப்' பத்திரிகைக்காக மார்கரெட் போர்க்-ஒயிட் என்ற அமெரிக்க அம்மையார் காந்திஜியைப் படமெடுக்க வந்தார். முதலில் ராட்டை சுற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை. பிறகு, மகாத்மாவுக்குக் கண் கூசும் வெளிச்சம் பிடிக்காது என்பதால், மூன்றே மூன்று பிளாஷ் பல்புகளுக்கு அனுமதி. இரண்டு வீணாயின. மூன்றாவதில் விழுந்ததுதான், ராட்டைக்குப் பின்னால் மகாத்மா அமர்ந்து படிக்கும் அந்த உலகப் பிரசித்தி பெற்ற படம். அதைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் அந்த மூன்று பல்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1932 வாக்கில் கைக்கு வந்த லைக்காவை அவர் பிறகு விடவே இல்லை. 1940-ல் ஜெர்மானியரிடம் சிறைப்படுவதற்கு முன்னால் காமிராவை மண்ணில் புதைத்து வைத்து, சிறையிலிருந்து தப்பி வந்த பிறகு தோண்டி எடுத்துக்கொண்டவர். பெரும்பாலும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் உபயோகிப்பார். காமிராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பாக மறைத்துவிடுவார். பிளாஷ் வெளிச்சத்தை அவர் அடியோடு வெறுத்தார்.

1948 ஜனவரி 30-ம் தேதி அவர் காந்திஜியைச் சந்தித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அந்தக் கொடுமை நடந்தது. அன்று இரவு பிர்லா மாளிகை வாயிலில் நேருஜி மகாத்மாவின் மரணத்தை ஜனங்களுக்கு அறிவித்த காட்சியைக் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் அங்கிருந்த விளக்கொளியிலேயே எடுத்தார். படம் சற்றுக் கலங்கியிருக்கிறது. கலங்கினால் என்ன? தேசமே கலங்கி நின்ற இரவு அது. அந்த வாயிலில் ஒரு பிளாஷ் பல்பு வெடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், காமிரா சின்னதாகவும் சாதுவாகவும் இருப்பது ஏன் ஒரு மரியாதை என்பது விளங்கும்.

1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். 14-ம் தேதி இரவு மகரிஷி சமாதியடைந்த வேளையில் வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்ததைத் தாமும் கண்டதாக எழுதி வைத்திருக்கிறார். நோயுற்ற ஒருவரின் சந்நிதியில், கண்ணீரோடு நிற்கும் கூட்டத்தின் நடுவில், முக்காலியும் பெட்டியுமாக ஒருவர் நின்றால் சகிக்குமா? உள்ளங்கை அகலக் கருவி அங்கே யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

இத்தனை குணவதியான லைக்காவுக்கு ஒரு குறை இருந்தது. எடுக்கிறவர் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்திலுள்ள ஒரு ஜன்னல் வழியாக. தூரத்துப் பறவையையும் அருகிலுள்ள பூவையும் எடுக்க இது சரிப்படாது. லென்ஸ் காண்பதையே கண்ணும் காண வேண்டுமானால், நடுவில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, படம் விழும் கணத்தில் அதை மேலே தூக்க வேண்டும். 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு அத்தகைய காமிராவை 1936-ல் டிரெஸ்டன் நகரத்தில் 'எக்ஸாக்டா' என்ற பெயரில் வெளியிட்டார்கள். 1959-ல் ஜப்பானிலிருந்து நிக்கான் எப் வந்தது. அதன்பின் சுமார் 50 வருஷம் கண்ணாடியின் ராஜ்யம்தான்.

ராஜ்யத்துக்கு வரி உண்டல்லவா? கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும். பழைய திருகு லைக்காவில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடைவெளி 28.8 மில்லிமீட்டர், நிக்கானில் 46.5. பெட்டி தடித்தது, 'டக்' என்று சத்தம் போட்டது. சினிமா எடுக்க வேண்டுமானால் கண்ணாடியைத் தூக்கியபடியே வைத்திருக்க வேண்டும். அப்போது பார்க்கும் துவாரம் இருண்டு போகும். 2008 ஆகஸ்டில் வெளியான நிக்கான் டி90, கண்ணாடி உள்ள டிஜிட்டல் காமிராக்களுள் முதன்முதலாக அசையும் படம் எடுத்தது. எடுத்தது இந்த முறையில்தான்: கண்ணாடி தூக்கி நிற்க, பின்பக்கத் திரையைப் பார்த்து.

"தூக்கியே நிற்கும் கண்ணாடி எதற்கு?" என்று யாருக்கும் தோன்றும். அதே ஆகஸ்டில் பானசோனிக்கும் ஒலிம்பஸும் சேர்ந்து, கண்ணாடி இல்லாத 'மைக்ரோ போர் தேர்ட்ஸ்' முறையை அறிவித்தன. அந்த வருஷமே பானசோனிக் ஜி1 வந்தது. 2009-ல் வீடியோ எடுக்கும் ஜிஎச்1 வந்தது. சோனியின் ஏ7 2013-ல் பர்னாக்கின் 24-க்கு 36 அளவைக் கண்ணாடியின்றி கொண்டுவந்தது. 2018-ல் நிக்கானும் கானனும் தங்கள் புல் பிரேம் காமிராக்களிலும் கண்ணாடியைக் கைவிட்டுப் புதுப் பாதையில் இறங்கின. லென்ஸ் காண்பதை இப்போது மின்திரை காட்டுகிறது.

கண்ணாடி போனதும் ஓர் அதிசயம் நடந்தது. சோனியில் அந்த இடைவெளி 18 மில்லிமீட்டர். நிக்கான் இஸட்டில் 16. மீதி இடத்தில் ஒரு வளையத்தை மாட்டினால், 1930-களின் லைக்கா லென்ஸ்கூட இன்றைய உடலில் உயிர் பெறுகிறது. (உள்ளே மடங்கும் பழைய லென்ஸாக இருந்தால் மட்டும் மடக்காதீர்கள், உள்ளே இடித்துவிடும்.) எத்தனையோ உடல்கள் பழையன கழிந்துவிட்டன. கண் பிழைத்திருக்கிறது.

ஆகவே, வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முதலில் லென்ஸைத் தீர்மானியுங்கள். பிறகு அதற்கு உடல் தேடுங்கள். கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் 50 மில்லிமீட்டர் பார்வை புல் பிரேமில் 50. அதைவிடச் சிறிய 'ஏபிஎஸ்-சி' சில்லில் ஏறக்குறைய 35. மைக்ரோ போர் தேர்ட்ஸில் 25. சில்லு சிறுத்தால் லென்ஸும் சிறுக்கும். சின்ன உடல் வாங்கி, அதன் மூக்கில் உலக்கை போல் ஒரு லென்ஸ் மாட்டுகிறவர், பர்னாக் இறக்கிவைத்த பெட்டியை மறுபடியும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். இருட்டு மண்டபங்களிலும் மேடைக் கச்சேரிகளிலும் எடுப்பவருக்குப் பெரிய சில்லு பயன்படும். வெயிலில் ஊர் சுற்றுகிறவருக்குச் சின்னதே போதும். வீடியோதான் முக்கியம் என்றால், ஏபிஎஸ்-சி சில்லு பழைய சினிமாச் சட்டத்துக்கு ரொம்பவும் நெருங்கிய அளவு என்பதை நினைவில் வையுங்கள். கை நடுக்கத்தை அடக்கும் வசதி உடலில் இருக்கிறதா, மைக் செருகத் துவாரம் இருக்கிறதா, லென்ஸ் குவியும்போது முனகுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

பர்னாக் தாமே வைத்திருந்த காமிரா ஒன்று, 1923-ம் வருஷச் சோதனை வரிசையில் 105-வது எண்ணுள்ளது, 2022-ல் 144 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. மூச்சிரைக்கும் ஒருவர் மேடேறிப் போவதற்காகச் செய்த கருவியை இனி யாராவது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடப்பார்களா என்பது சந்தேகம். நீங்கள் வாங்குவது, கீறல் விழுமே என்று பயப்படாமல் நாளைக் காலையே எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கக் கூடியதாக இருக்கட்டும்.