வால்வு இடைவெளி வந்த கதை

நமது கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. அந்த வண்டிக்குள் தாளினும் மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தோட்டமொன்றில் இருந்தோம். பால்மரம் வெட்டிய என் தந்தையார் பழைய ஹோண்டா வைத்திருந்தார். அதன் இயந்திரத்தில் 'டிக் டிக்' என்று சத்தம். பட்டறைக்காரர் ஒருவர் திருகை இறுக்கிச் சத்தத்தை நிறுத்தினார். எங்களுக்கு மகிழ்ச்சி. சில வாரங்கள் கழித்து ஒருநாள் விடியற்காலை, உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்ததே தவிர வண்டி கிளம்பவில்லை. தந்தையார் நடந்து போய்ச் சேர்வதற்குள் பெரட்டு கலைந்துவிட்டது. அன்றைய கூலி போயிற்று. பிரித்துப் பார்த்தால், புகை வெளியேறும் வால்வின் விளிம்பு கருகிக் கிடந்தது. சத்தம் போட்டபோது ஓடிய வண்டி, சத்தம் நின்றபின் கெட்டது ஏன்?

வால்வு என்பது இயந்திரத்தின் கதவு. ஒரு கதவு வழியே காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். மற்றொன்றின் வழியே எரிந்த புகை வெளியேறும். ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் 1885இல் செய்த சிறிய இயந்திரத்தில், உள்வரும் கதவை எந்தக் கருவியும் தள்ளவில்லை. பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே அதைத் திறந்தது. வேகம் கூடியபோது அம்முறை ஈடுகொடுக்கவில்லை. ஆகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரு கதவுகளையும் இரும்புக் கையே தள்ளித் திறக்கும் முறை பரவியது.

இங்கேதான் வெப்பம் குறுக்கிட்டது. பத்து சென்டிமீட்டர் எஃகுத் தண்டு 100 டிகிரி சூடேறினால், ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீளும். வால்வுத் தண்டு நீள இடமில்லாவிட்டால் கதவு முழுவதும் மூடாது. சூடான வாயு கசியும்; அழுத்தம் குறையும்; விளிம்பு கருகும். தண்டவாளங்களுக்கிடையே சந்து விட்டதுபோல் இங்கும் சந்து விட்டார்கள். 1930இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில், எண்ணெய் அழுத்தத்தால் இச்சந்தைத் தானே சரிசெய்யும் அமைப்பு வந்தது. எளிய வண்டிகளிலோ மனிதன் கையே அதைச் சரிசெய்தது.

அத்தகைய எளிய வண்டிதான் 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ வழியாக ஹோண்டா நம் நாட்டுக்கு வந்தது. 'கப்சாய்' என்ற பெயரும் அந்தக் 'கப்'பிலிருந்து பிறந்ததே. 2017இல் இவ்வண்டியின் உலக உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. பழைய கப் வண்டிகளுக்குரிய இடைவெளி 0.05 மில்லிமீட்டர், நோட்டுப் புத்தகத் தாளின் தடிப்பில் ஏறக்குறைய பாதி.

சரிபார்ப்பது எப்படி? இயந்திரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது நல்லது. வால்வு மூடிகளைக் கழற்றி, சுழல்சக்கரத்தின் 'டி' குறி நேராகும்வரை திருப்புங்கள். இரு கைகளும் சிறிது ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். பிறகு பீலர் கேஜ் தகட்டைச் செருகுங்கள். லேசான உரசலோடு நகர்ந்தால் அளவு சரி. உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி மிகுந்தால் சத்தம் வரும். கதவு குறைவாகத் திறந்து இழுவை குன்றும். இடைவெளி குறைந்தாலோ சத்தமே வராது. வால்வு கருகும்போதுதான் தெரியவரும். ஆகவே நேயர்களே, சத்தம் போடும் வண்டியை மட்டுமன்று, சத்தமில்லாத வண்டியையும் அளந்து பாருங்கள். அன்று ஒரு தகடு எங்கள் கையில் இருந்திருந்தால், என் தந்தையாரின் ஒருநாள் கூலி தப்பியிருக்கும்.